சரியாகச் சொன்னவர்

எங்கள் குடியிருப்பின் நீச்சல்குளத்தை மூடப்போகிறார்கள் என்று தெரிந்ததும் ஒரு போராட்டம் நடத்தினோம். எங்கள் அமெரிக்க ஊரான லிவர்மோரின் வெயில் மண்டையைப் பிளக்கும் ஒரு சனிக்கிழமை. முப்பது நாற்பது பேர் அட்டைகளைப் பிடித்துக்கொண்டு நின்றோம். மெகாஃபோனோடு ஒருவர் முழங்கிக்கொண்டிருந்தார். நான் சொல்ல வந்த மனிதர் மட்டும் சாலைக்கு எதிர்ப்பக்கம், மர நிழலில், கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்த்தார்.

"வாங்கண்ணா, நீங்களும் வந்து நில்லுங்க" என்று கூப்பிட்டேன்.

"மைக்கு யாரு கையில இருக்குதுன்னு பாத்தீங்களா அம்மிணி? அடுத்த வருசம் அந்தாளுதான் தலைவரு. குளத்தையும் அவனே மூடுவான், பாருங்க."

அப்படியே நடந்தது. மெகாஃபோன்காரர் அசோசியேஷன் தலைவரானார். பராமரிப்புச் செலவு கட்டுப்படியாகவில்லை என்று அவரே கடிதம் அனுப்பிக் குளத்தில் மண்ணைக் கொட்டினார். கடிதம் வந்த மறுநாள் காலை, மர நிழலில் நின்ற அந்த மனிதர் என் காரில் ஏறி, பெல்ட்டைப் போட்டுக்கொண்டு, பேசாமல் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். எனக்குப் புரிந்துவிட்டது.

"நீங்க சொன்னது சரிண்ணா" என்றேன்.

"ம்" என்று சொல்லிவிட்டு அப்புறம்தான் சாலையைப் பார்த்தார்.

அதுதான் அவர். எது எப்படி முடியும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுவார். பெரும்பாலும் அப்படித்தான் முடியும். முடிந்த பிறகு, நீங்கள் உங்கள் வாயால் 'நீங்க சொன்னது சரி' என்று சொல்லும்வரை காத்திருப்பார். ஃப்ரீவேயில் எந்த லேன் நிற்கும், எந்த மேனேஜர் வேலையை விடுவார், புதிதாகத் திறந்த எந்த ஹோட்டல் ஆறு மாதத்தில் மூடும், எல்லாவற்றிலும் இதே கதைதான். எனக்கு அது ஒரு விளையாட்டாகப் பழகிப்போயிருந்தது.

நாங்கள் மூன்று பேர் ஒரே காரில் ஆபீஸ் போகும் கார்பூல். நான் ஓட்டுவேன். அவர் முன்சீட்டில். பின்னால் ரமேஷ் என்று ஒரு மதுரைக்காரன். காலை ஆறரைக்கு லிவர்மோரில் கிளம்பி, 680 ஃப்ரீவே பிடித்து, சுனோல் மேட்டில் ஏறி இறங்கி குபெர்டினோ போய்ச் சேர எட்டாகிவிடும். அவர் கரூர்க்காரர். ஐம்பதை நெருங்கும் வயது, ஒல்லி, எந்தக் கோடையிலும் முழுக்கைச் சட்டை. அமெரிக்கா வருவதற்கு முன்னால் பன்னிரண்டு வருடம் தாய்லாந்தில், பாங்காக்குக்கு வடக்கே ஒரு கம்ப்யூட்டர் டிஸ்க் தொழிற்சாலையில் இன்ஜினியர். அங்கேயே கல்யாணமும் செய்துகொண்டார். மனைவி மாலி, வடகிழக்குத் தாய்லாந்தில் ஒரு நெல் விவசாயியின் மகள். கல்யாணமான புதிதில் ஒரு வருடம் கரூரில் மாமியாரோடு இருந்து தமிழ் கற்றுக்கொண்டவர். மாலி பேசுவது சுத்தமான கொங்குத் தமிழ். "அவங்க பாஷையில பொம்பளைங்க ஒவ்வொரு பேச்சுக்கும் 'கா' போட்டு முடிப்பாங்க மரியாதைக்கு. எங்கம்மாகிட்ட வந்து 'கா'வுக்குப் பதிலா 'ங்க' போட்டுக்கிட்டா, அவ்வளவுதான்" என்பார் கரூர்க்காரர்.

இது நடந்து பதினைந்து வருடம் இருக்கும். அந்த வசந்தத்தில் பாங்காக்கில் சிவப்புச் சட்டைக்காரர்கள் நகரத்தின் நடுவே, பெரிய பெரிய கடைகள் இருக்கும் நாற்சந்தியில் மேடை போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். பெரும்பாலும் வடக்கிலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வந்த விவசாயிகள், டாக்ஸி ஓட்டுகிறவர்கள், கூலிக்காரர்கள். தாங்கள் ஓட்டுப் போட்ட பிரதமரை ராணுவம் இறக்கிவிட்டது, மறுபடி தேர்தல் வை என்பது அவர்கள் கோரிக்கை. அந்தப் பிரதமர் பெரும் கோடீஸ்வரர். வெளிநாட்டில் இருந்தபடி மேடைத் திரையில் தோன்றிப் பேசுவார்.

இதையெல்லாம் எனக்குச் சொன்னதே அவர்தான். நமக்குக் காலை ஏழு என்றால் அங்கே இரவு ஒன்பது. மேடை களைகட்டும் நேரம். இடது காதில் இயர்ஃபோனைச் செருகிக்கொண்டு, சுனோல் மேட்டில் கார் ஊர்ந்துகொண்டிருக்கும்போது, அங்கே யார் என்ன பேசுகிறார் என்று எங்களுக்கு மொழிபெயர்ப்பார். நடுநடுவே அவருடைய குறுக்குக் கேள்விகள்.

"இப்ப ஒருத்தன் அழுவறான். போன வாரமும் இதே எடத்துலதான் அழுதான்."

"ஏண்ணே, ஏழைக தேர்தல் வேணும்னுதானே கேக்குறாங்க? அதுல என்ன தப்பு?" என்று ரமேஷ் ஒருநாள் கேட்டான்.

"கேக்கறவன் மேல தப்பே இல்லீங்க தம்பி. முன்னால அந்தப் பிரதமருக்கு எதிரா மஞ்சச் சட்டைக்காரங்க ஏர்போர்ட்டையே மறிச்சு உக்காந்தாங்க. அப்பவும் நான் இதையேதான் சொன்னேன். நான் சாயப்பட்டறை ஊர்க்காரன். சாயம்தான் மாறுது, துணி அதே துணி. மேடையில இருக்கறவனுக்குப் பேசி முடிச்சுக்க ஒரு வழி எப்பவும் இருக்கும். ரோட்டுல பாய் போட்டுப் படுத்திருக்கறவனுக்கு எந்திரிச்சுப் போக வழி இருக்குதான்னு யாராச்சும் பாத்தாங்களா? அந்தக் கோடீஸ்வரன் வீட்டு ஆளுங்க யாராச்சும் அந்த வெயில்ல வந்து படுத்திருக்காங்களா?"

ரமேஷ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். பதில் சொன்னாலும் அவர் விட்டிருக்க மாட்டார்.

அவரை எதிர்த்துப் பேசி நான் பார்த்த ஒரே ஆள் மாலிதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அவர் இதே பேச்சை எடுத்தார். மாலி குழம்பு பரிமாறிக்கொண்டே சொன்னார்:

"எங்கம்மாவுக்கு ரெண்டு கண்ணும் தெரியாமப் போச்சுங்க. நீங்க சொல்ற அந்தக் கோடீஸ்வரன் ஆட்சியில ஏழைங்களுக்கு ஆஸ்பத்திரித் திட்டம் வந்துச்சு. ஆபரேசன் பண்ணாங்க. இப்ப எங்கம்மா அரிசியில கல்லு பொறுக்குது. அதுக்கு மேல எனக்கு அரசியல் தெரியாதுங்க."

அவர் வாயைத் திறந்தார். அப்புறம் சோற்றைப் பிசைந்தார். அன்று அவர் தோற்றுவிட்டார் என்று நான் நினைத்தேன். இப்போது யோசித்தால், தோற்கவில்லை, வாதத்தை இன்னொருவனுக்காகத் தள்ளிவைத்துக்கொண்டார் என்று தோன்றுகிறது.

ஏனென்றால் மாலியின் தம்பி அந்தக் கூட்டத்தில் இருந்தான். லெக் என்று கூப்பிடுவார்கள். சின்னவன் என்று அர்த்தமாம். முப்பது வயது, இன்னும் கல்யாணமாகவில்லை. மழைக்காலத்தில் ஊரில் நெல்; மற்ற நாட்களில் பாங்காக் சந்துகளில் ஆரஞ்சுச் சட்டை மாட்டிக்கொண்டு பைக் டாக்ஸி. அத்தான் என்றால் அவனுக்கு உயிர். பைக் ஓட்டக் கற்றுக்கொடுத்ததே அத்தான்தான். கூட்டம் தொடங்கிய முதல் நாளே அவர் அவனுக்குச் சொல்லியிருந்தார், போகாதே, இது எங்கே முடியும் என்று எனக்குத் தெரியும் என்று. அவன் சிரித்துக்கொண்டே, "நீங்க பொழைப்புக்காக ரெண்டு கடல் தாண்டிப் போனீங்க அத்தான். நான் என் ரோட்டுலதான உக்காரப் போறேன்" என்றானாம். இதையும் அவர்தான் எங்களிடம் சொன்னார். சொல்லும்போது முகத்தில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

இரண்டு மாதம் ஆகிவிட்டது. துப்பாக்கிச் சத்தம் கேட்க ஆரம்பித்திருந்தது. அந்த வாரத்தில் ஒரு காலை, நாங்கள் 680-இல் திரும்பும்போது லெக்கிடமிருந்து மிஸ்டு கால் வந்தது. அவர் வெளிநாட்டுக்குப் பேசும் காலிங் கார்டை எடுத்து, அதன் எண், ரகசிய எண், அப்புறம் அவன் எண் என்று வரிசையாக அமுக்கிக் கூப்பிட்டார். பத்து நிமிடம் பேசியிருப்பார். எங்களுக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. ஆனால் தொனி புரிந்தது. முதலில் மெதுவாக, சந்தோஷமாக. பிறகு குரல் உயர்ந்தது. நடுவில் சிரித்தார். ஒரே வாக்கியத்தை மூன்று தரம் சொன்னார். அப்புறம் போனைப் பார்த்தார்.

"என்னண்ணா?" என்றேன்.

"வரேங்கறான். ஊருல மழை எறங்கிருச்சாம். நாத்து விடோணும், வியாழக்கிழமை பஸ்ஸு ஏறப்போறேங்கறான்."

"அப்பாடா. நல்லதாப் போச்சு."

"நான் சும்மா விடலீங்க. நாலு வார்த்தை நல்லாக் கேட்டுப்போட்டேன். ரெண்டு மாசம் ரோட்டுல கெடந்து என்றா கண்டே? மைக்கு புடிச்சவனெல்லாம் மந்திரியாவான், நீ மறுபடியும் பைக்குதான் ஓட்டுவே. உன்னைய வெலைக்கு வாங்கி உக்கார வெச்சிருக்காங்க, அதுகூடத் தெரியலே உனக்கு. நான் மொத நாளே சொன்னேனா இல்லியா? 'அத்தான் சொன்னது சரி'ன்னு உன் வாயால சொல்லுன்னேன்."

"சொன்னானா?" என்று ரமேஷ் பின்னாலிருந்து கேட்டான்.

"எங்க. லைன் கட்டாயிருச்சு."

ரமேஷ் சிரித்தான். நானும் சிரித்தேன். இதை எழுதும்போது மறைக்க முடியாது, நானும் சிரித்தேன். என்னைத் தினமும் சொல்லவைக்கிற வாக்கியத்தை, ஒரு கண்டம் தாண்டி இன்னொருவனிடமும் கேட்டிருக்கிறாரே என்றுதான் சிரிப்பு வந்தது.

வியாழக்கிழமை லெக் ஊருக்குப் போகவில்லை. மாலியின் அம்மா போனில் சொன்னாராம், அவன் மனசு மாறிவிட்டான், முடிகிறவரைக்கும் இருக்கப்போகிறான் என்று. வெள்ளிக்கிழமை காலை காரில் அவர் அதை ஒரு தகவல் போலச் சொன்னார். "ரோசக்காரன். ரெண்டு நாளு இருந்துட்டுத் தானா வருவான்." அன்று அவர் சொன்னது மட்டும் நடக்கவில்லை.

அடுத்த வாரம் ஒரு சாயங்காலம், வேலை முடிந்து திரும்பிக்கொண்டிருந்தோம். அங்கே விடிந்துகொண்டிருக்கும் நேரம். இயர்ஃபோனைப் பிடுங்கிவிட்டு ஸ்பீக்கரில் வைத்தார். ஒரு பெண் மேடையில் பாடிக்கொண்டிருந்தாள். பின்னால் வெடிச் சத்தம் மாதிரி ஏதோ. ஒருவர் மைக்கில் திரும்பத் திரும்ப ஒரே சொல்லைச் சொன்னார்.

"என்ன சொல்றாங்க அண்ணா?"

"உக்காருங்க, உக்காருங்கன்னு சொல்றாங்க. ராணுவ வண்டி உள்ள வந்துருச்சாம்."

சுனோல் மேட்டில் நாலு லேனும் நின்றுவிட்டன. மேலே எங்கோ விபத்து. அவர் காலிங் கார்டை எடுத்தார். எண், ரகசிய எண், அவன் எண். மணி போனது, எடுக்கவில்லை. மறுபடி எண், ரகசிய எண், அவன் எண். ஒரு இலக்கம் தப்பினாலும் முதலிலிருந்து அமுக்க வேண்டும். அவருக்குத் தப்பிக்கொண்டே இருந்தது. "நான் போடட்டுமாண்ணே?" என்று ரமேஷ் கையை நீட்டினான். அவர் கொடுக்கவில்லை. மலை முழுக்கக் காய்ந்த புல் தங்க நிறத்தில் மின்னியது. பக்கத்து லேனில் ஒருத்தி கண்ணாடியைப் பார்த்து உதட்டுக்குச் சாயம் பூசினாள். நான் பிரேக்கில் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். லிவர்மோர் வருவதற்குள் அவர் இருபது தடவையாவது கூப்பிட்டிருப்பார்.

மறுநாள் காலை செய்தியில் வந்துவிட்டது. தலைவர்கள் மேடையிலேயே போராட்டம் முடிந்தது என்று அறிவித்து, போலீஸிடம் தங்களை ஒப்படைத்துக்கொண்டார்கள். வீட்டுக்குப் போங்கள் என்று சொன்னபோது கீழே இருந்தவர்கள் அழுதார்களாம், போகமாட்டோம் என்று கத்தினார்களாம். அவர் சொன்னது அத்தனையும் அச்சு அசலாக நடந்திருந்தது. ரமேஷும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. அந்த வாக்கியத்துக்காக அவர் காத்திராத முதல் காலை அதுதான்.

அதற்கும் இரண்டு நாள் கழித்து வழக்கம்போல ஆபீஸ் பையோடு வந்து ஏறினார். சட்டை இஸ்திரி போட்டிருந்தது. கார்பூல் லேனில் போய்க்கொண்டிருந்தோம். மேட்டில் பாதி ஏறியதும் சொன்னார்:

"அம்மிணி, வண்டியைத் திருப்பறீங்களா?"

"என்னாச்சுண்ணா?"

"லெக்கு செத்துப்போயிட்டான். வெடியக்காலம் போன் வந்துச்சு. ஆஸ்பத்திரியில அவங்க மாமன் பாத்துச் சொல்லியிருக்காரு. நான் என்ன பண்றதுன்னு தெரியாம பையை எடுத்துட்டு வந்துட்டேன்."

வலது பக்கம் மூன்று லேனிலும் லாரி. அடுத்த எக்ஸிட் வரும்வரை எதுவும் செய்ய முடியாது. "திருப்பறேண்ணா, இதோ திருப்பறேன்" என்று சொல்லிக்கொண்டே எதிர்த்திசையில் அவரை இன்னும் இன்னும் தூரமாகக் கொண்டுபோய்க்கொண்டிருந்தேன். அவர் அழவில்லை. "பரவாயில்லீங்க, மெதுவாப் போங்க" என்றார்.

மாலி தனியாகத்தான் ஊருக்குப் போனார். நானும் வருகிறேன் என்று அவர் டிக்கெட் பார்த்தாராம். "நீங்க வர வேண்டாங்க" என்று மாலி சொல்லிவிட்டார். காரணம் சொல்லவில்லை. ஒன்றரை மாதம் அவர் தனியாக இருந்தார். காரில் வந்தார், போனார். எதையும் முன்கூட்டிச் சொல்வதை நிறுத்திவிட்டார். கோயிலில் ஒருவர் அவரைப் பிடித்துக்கொண்டு, "நீங்க அப்பவே சொன்னீங்க சார், அந்தத் தலைவங்களை நம்பாதீங்கன்னு. எவ்வளவு கரெக்டா சொன்னீங்க!" என்றார். அவர், "சரிங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுச் செருப்பைத் தேடினார். செருப்பு அவர் காலடியிலேயே இருந்தது.

மாலி திரும்பிய வாரம் அவர் என்னிடம், "ஒருக்கா வந்து பாத்துட்டுப் போங்க அம்மிணி. நீங்க மட்டும் வாங்க" என்றார். சாம்பார் சாதம் கட்டிக்கொண்டு போனேன். அவர் டீ போடுகிறேன் என்று சமையலறைக்குள் போய்விட்டார். மாலி கறுப்பு உடையில், இளைத்து, சோபாவின் நுனியில் உட்கார்ந்திருந்தார். சுற்றி வளைக்கவில்லை.

"தம்பி பஸ் டிக்கெட் வாங்கிட்டானுங்க. வியாழக்கிழமை வரேன்னு அம்மாகிட்டச் சொல்லிட்டான். அப்பறம் இவருகூடப் பேசியிருக்கான். பேசினப்பறம் டிக்கெட்டைப் பக்கத்துல இருந்த ஒரு வயசான அம்மாவுக்குக் குடுத்துட்டான். அந்தம்மா ஊருக்கு வந்து சேந்துருச்சு, எங்க வீட்டுக்கு வந்து அழுதுச்சு. அம்மிணி, நீங்க கார்ல இருந்தீங்க. இவரு அவன்கிட்ட என்ன சொன்னாரு?"

"எனக்கு உங்க பாஷை தெரியாதே மாலி."

"உங்களுக்குத் தமிழ்ல சொல்லியிருப்பாருங்க. எப்பவும் சொல்லுவாரு. என்கிட்டக் கேட்டா ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறாரு."

சமையலறையில் ஓடிக்கொண்டிருந்த குழாய் நின்றது.

நான் அந்த முகத்தைப் பார்த்தேன். என்னால் முடியவில்லை. "ஊருக்குப் போ, பத்திரமா போய்ச் சேருன்னு சொன்னதா சொன்னார். சந்தோஷமாதான் பேசினார். அவனேதான் அப்புறம் மனசு மாறியிருக்கணும்" என்றேன்.

மாலி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். வெகுநேரம் அழுதார். சமையலறையிலிருந்து அவர் டீயைக் கொண்டுவந்து வைத்தார். மூன்று கோப்பையும் தட்டில் தளும்பியிருந்தன. என்னைப் பார்க்கவே இல்லை. நல்ல காரியம் செய்துவிட்டேன் என்ற நினைப்போடு வீட்டுக்கு வந்தேன்.

திங்கட்கிழமை காலை அவர் காரில் ஏறவில்லை. ஜன்னலுக்கு அருகே வந்து நின்றார். ரமேஷ் இன்னும் வரவில்லை.

"இனிமே நான் ட்ரெயின்ல போய்க்கறேனுங்க."

"ஏன் அண்ணா? நான் ஏதாவது..."

"நீங்க நல்லதுன்னு நெனச்சுத்தான் சொன்னீங்க. எனக்குத் தெரியும்." பையைக் கீழே வைத்தார். "ஒன்றரை மாசமா அவகிட்டச் சொல்லோணும் சொல்லோணும்னு பாக்கறேன். வாய் வரமாட்டேங்குது. அதுக்குத்தான் உங்களை வரச்சொன்னேன் அம்மிணி. அவ உங்ககிட்டக் கேப்பான்னு எனக்குத் தெரியும். நீங்க சொல்லிருவீங்கன்னு நெனச்சேன்."

நான் கார் கதவைத் திறந்தேன். "இப்பப் போய் சொல்லட்டுமா?"

"வேண்டாங்க. நேத்துத்தான் நல்லாத் தூங்குனா."

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஸ்டேஷன் பக்கம் நடந்துபோனார். அதற்குப் பிறகு அவரை இரண்டு மூன்று தரம் கோயிலில் தூரத்திலிருந்து பார்த்ததுதான். அடுத்த வருடம் வேலை மாறி, டெக்ஸஸில் கேட்டி என்ற ஊருக்குக் குடிபோய்விட்டார்கள்.

மாலி மட்டும் தொடர்பை விடவில்லை. அவர்கள் புத்தாண்டும் நம் சித்திரைப் பிறப்பும் ஒட்டி ஒட்டி வரும். அந்த வாரம் தவறாமல் போனில் செய்தி அனுப்புவார். இந்த ஏப்ரலிலும் வந்தது. தோட்டத்தில் அவர் கணவர் கத்தரிச்செடிக்குத் தண்ணீர் விடுகிற படம். தலை முழுக்க நரைத்திருந்தது. படத்துக்குக் கீழே ஆங்கில எழுத்தில் தமிழை நீளமாக எழுதியிருந்தார்: இவர் நல்லா இருக்காருங்க, இப்பெல்லாம் அதிகம் பேசறதில்ல. எங்கம்மா போன மாசம் தவறிப்போயிட்டாங்க. ஊருக்குப் போயிருந்தப்ப உங்களைத்தான் நெனச்சுக்கிட்டேன். அன்னிக்கு நீங்க உண்மையைச் சொல்லலீன்னா நான் இவருகூட இருந்திருக்க மாட்டேனுங்க.

படத்தைப் பெரிதாக்கி அவர் முகத்தைப் பார்த்தேன். பிறகு கைகூப்பும் படம் ஒன்றை அனுப்பினேன்.